சோறு இன்னும் வேகல

பக்கவாதம் வந்த பிறகு சவுரிமுத்துவின் வாயிலிருந்து விழுந்த முதல் பேச்சு மனைவி ஞானம்மாளின் பெயர் இல்லை. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டுச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் அவர்கள் வீடு. சவுரிமுத்து தண்ணி லாரி ஓட்டியவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன.

ஞானம்மாளுக்கு இது தெரிந்த வேலை. கன்னியாஸ்திரிகளிடம் நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்துவிட்டு, சிட்லபாக்கத்து வீடுகளில் படுத்துக் கிடந்த எத்தனையோ பேரைப் பார்த்துக்கொண்டவள். ஆளை எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் இருக்கத் தலையணையை எங்கே செருகுவது, புரை ஏறாமல் இருக்கக் கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எல்லாம் கைக்கே தெரியும். ஸ்ரீரங்கன் என்று ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் ஒருவர். பெற்ற மகள் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டார். ஞானம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் திறப்பார். இந்தக் கதையை அவள் தெருவில் சொல்லாத ஆள் இல்லை.

சொந்தப் புருஷனோ அவள் கிண்ணத்தோடு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்குச் சில சொற்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணி, வலி, வேணும், வேணாம். ஞானம்மாள் தன் பெயரையும் அதோடு சேர்த்துக்கொண்டாள். தினமும் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, "ஞா... னம். எங்க, வாயத் திறங்க. ஞா..." என்பாள். அவர் கண்ணாடியில் தன் கோணல் வாயைப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

சாயங்காலமானால் ஜலால் வருவார். அவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். சவுரிமுத்து லாரியில் தண்ணீர் கொண்டு போய் இறக்குகிற அதே தெருக்களில் ஜலால் மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்; அப்படிச் சேர்ந்த சிநேகம். வரும்போதே வாசலிலிருந்து குரல் வரும். "இன்னா மச்சான், எப்டி கீற? அக்கா, டீ கீதா?" வந்து கட்டிலில் உட்கார்ந்து, போனைச் சவுரிமுத்துவின் வயிற்றில் சாய்த்து வைப்பார். ஓடுவது எப்போதும் ஒரே படம்.

கடற்படையில் எதற்கும் உதவாத ஆட்களையெல்லாம் பொறுக்கி ஒரு ஓட்டை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கேப்டனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பார். ரேடியோ ஆளுக்குக் காது மந்தம். சமையல்காரனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். எதிரி குண்டு போட வருகிற நேரமெல்லாம் அந்தச் சமையல்காரன் கரண்டியோடு ஓடி வந்து, "சார், சோறு இன்னும் வேகல!" என்பான். கேப்டன் வாயைத் துடைத்துக்கொண்டு, "அது வேகற வரைக்கும் ஒருத்தனும் சாகக் கூடாது!" என்று உத்தரவு போடுவார்.

ஜலாலுக்கு அந்தப் படம் மனப்பாடம். கேப்டன் பேசுவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று சல்யூட் அடித்து உத்தரவு போட்டுவிடுவார். "நம்ம சப்மெர்சிபிள் மோட்டார் மாரிதான் மச்சான் இந்தக் கப்பலும். உள்ள எறக்குறது ஈஸி, வெளிய எடுக்கறதுதான் பேஜாரு." சவுரிமுத்து சிரிப்பார். பாதி வாய்தான் சிரிக்கும், ஆனால் கட்டிலே குலுங்கும்.

சமையலறையில் டீ போட்டுக்கொண்டு ஞானம்மாள் அதைக் கேட்பாள். பீத்துணி அலசுவது நான், சிரிப்பு இந்தாளுக்கா என்று நினைப்பாள். ஜலாலுக்குப் போடுகிற டீயில் ஒரு கரண்டி சர்க்கரை அரைக் கரண்டியானது அப்போதுதான்.

ஒரு நாள் அவள் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஜலால் கத்தினார். "அக்கா! ஓடியா! மச்சான் பேசிச்சு!"

ஈரக் கையோடு ஓடினாள். "என்ன சொன்னாரு?"

"மச்சான், இன்னொரு தபா சொல்லு."

சவுரிமுத்து அவளைப் பார்க்கவில்லை. ஜலாலைப் பார்த்து, தெளிவாக, "சோறு வேகல" என்றார்.

அதற்கப்புறம் அவர் வாயில் அது ஒன்றுதான். வலித்தாலும் சோறு வேகல. ஒன்றுக்கு வந்தாலும் சோறு வேகல. கோபம் வந்தால் அதையே கத்தினார். மூளையில் அடிபட்டவர்களுக்கு ஒரே சொல் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று ஞானம்மாளுக்குத் தெரியும். சிட்லபாக்கத்தில் எல்லாவற்றுக்கும் "கோவிந்தா" என்ற ஒரு பாட்டியம்மாவை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்கள் யாரும் அவள் புருஷன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாத்தனார் கிறிஸ்டினா அண்ணனைப் பார்க்க வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, "அண்ணா, எப்படிண்ணா இருக்கே?" என்றாள்.

"சோறு வேகல."

கிறிஸ்டினா நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். மணி மதியம் தாண்டியிருந்தது.

"சாப்டாச்சு. குழைய வேக வச்சு, ரசம் ஊத்தி ஊட்டியாச்சு," என்றாள் ஞானம்மாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணி."

"அது ஒரு படத்துல வர்ற வசனம்."

"சரி அண்ணி." கிறிஸ்டினா எழுந்து சமையலறைக்குப் போனாள். குக்கர் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஜலால் வந்தபோது ஞானம்மாள் வாசலிலேயே நின்றாள். "பாய், இனிமே போன் காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவருக்கு ரெஸ்ட் வேணுமாம். கொஞ்ச நாளு வராதீங்க." எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஜலால் உள்ளே எட்டிப் பார்த்தார். "சரிக்கா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் சவுரிமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கரண்டியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் வாயே திறக்கவில்லை; சோறு வேகல என்றுகூடச் சொல்லவில்லை. இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவக்கத் தொடங்கியிருந்தது. சாப்பிடாத உடம்பில் புண் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டு அந்தப் படத்தைத் தன் போனில் போட்டுக்கொண்டாள். ஜலால் வைத்தது போலவே அவர் வயிற்றில் சாய்த்து வைத்தாள். சமையல்காரன் ஓடி வந்தான். கேப்டன் உத்தரவு போட்டார். சவுரிமுத்து சிரிக்கவில்லை. படத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தார்.

ஆக, படம் இல்லை. இந்த மனுஷனுக்கு வேண்டியது ஜலால். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. போனை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார்க் கடைக்குப் போனாள்.

ஜலால் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாக்கா? மச்சானுக்கு ஒண்ணும் இல்லியே?"

"சாப்பிட மாட்டேங்கறாரு. வாங்க."

"டாக்டரு?"

"டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன்."

ஜலால் கையைத் துணியில் துடைத்தார். "ஏங்க்கா?"

"என்னைப் பார்த்தா சிரிக்க மாட்டேங்கறாரு பாய். உங்களப் பார்த்தா சிரிக்கறாரு."

"நான் வந்தா கிச்சுகிச்சு மூட்டறேன். நீ வந்தா மருந்து ஊத்தற. நானா இருந்தாலும் மூஞ்சிய திருப்பிக்குவேன்" என்று சொல்லிவிட்டு, வண்டிச் சாவியைத் தேடினார்.

ஜலாலின் குரல் வாசலில் கேட்டதுமே சவுரிமுத்துவின் தலை திரும்பிவிட்டது. ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போயிற்று. இந்த நேரத்தை விட்டுவிடக் கூடாது என்று ஞானம்மாள் அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டினாள். ஒரு தடவையாவது நிற்க வைக்க வேண்டும் என்று பிசியோதெரபி பையன் எவ்வளவோ பாடுபட்டும் அவர் ஒத்துழைத்ததில்லை. "பாய், அந்தப் பக்கம் நின்னு உங்க கப்பல ஓட்டுங்க," என்றாள்.

ஜலால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "கப்பல மேல ஏத்துங்கடா!"

ஞானம்மாள் தன் முட்டியால் புருஷனின் வலது முட்டிக்கு அணை கொடுத்து, பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினாள். சவுரிமுத்துவின் இடது கை அவள் தோளை இறுக்கியது. எழுந்தார். முழுப் பாரமும் அவள் மேல் இருக்க, நின்றார். அவர் முகம் அவள் தோளுக்கு அப்பால், ஜலால் பக்கம் இருந்தது. சிரிக்கிறார் என்பது அவர் நெஞ்சு குலுங்கியதில்தான் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

அவள் காதோரம், "சோறு வேகல" என்றார்.

ஜலால் வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாள் முந்திக்கொண்டாள். மாத்திரையை முழுங்கு என்று சொல்கிற அதே குரலில், "அது வேகற வரைக்கும் ஒருத்தனும் சாகக் கூடாது," என்றாள்.

அவள் தோளில் இருந்த தலை பின்னுக்குப் போயிற்று. சவுரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பாதி வாய் இழுத்துக்கொண்டு போக, எச்சில் தெறிக்கச் சிரித்தார். கால் ஆடியது.

"சிரிச்சா விழுந்துருவீங்க. உக்காருங்க." மெல்ல இறக்கி உட்கார வைத்து, துண்டால் தன் முகத்தை முதலிலும் அவர் வாயைப் பிறகும் துடைத்தாள்.

"அக்கா, அது என் டயலாக்கு," என்றார் ஜலால். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் சல்யூட் அடித்த கை இன்னும் பாதியில் நின்றது.

"இனிமே என்னுது. நீங்க கப்பல மட்டும் ஓட்டுங்க. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்க, நிக்க வைக்கணும்."

உள்ளே போய் டீ போட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து சற்று யோசித்தாள். கூடத்தில் ஜலால் ஏதோ சொல்ல, சவுரிமுத்து மறுபடியும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அரைக் கரண்டியே போட்டாள்.