ஆகுது, ஆகுத்தே, ஆகல்ல

எனக்கு ஒரு கோச், அதாவது கூடவே நின்று வேலையில் பழக்கிவிடுகிற ஆள், வைக்கப்போகிறார்கள் என்று எச்.ஆர். பெண் வந்து சிரித்த முகத்தோடு சொன்னாள். கையிலிருந்த டீ ஆறிப் பாலாடை கட்டும்வரை நான் அதை வாயில் வைக்கவில்லை.

பெங்களூர் பீன்யாவில் வண்டிகளுக்கான வயர்க் கட்டுகள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அப்போதுதான் நான் லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். ஆகியிருந்தேன் என்பதுகூட அதிகம், தற்காலிகமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிப்பட்டால் நிரந்தரம். சரிப்படாவிட்டால் பழையபடி பலகை முன்னால் நின்று வயர் சொருக வேண்டும், அதுவும் இடம் காலியிருந்தால். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். கன்னடத்தை பஸ்ஸிலும் காய்கறி வண்டியிலும் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்கு சூப்பர்வைசர் போடுகிற அந்த நீல கோட்டு எவ்வளவு உயரம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

எனக்கு முன்னால் கோச் வைக்கப்பட்டவர் பக்கத்து லைன்காரர். சில மாதங்களில் அவர் நாற்காலி காலியாகிவிட்டது. ஓசூரில் இதைவிடப் பெரிய வேலைக்குப் போனார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் காதுக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்டது காலி நாற்காலி மட்டும்தான். கோச் வந்தால் ஆள் போவார் என்று நாங்களே ஒரு சட்டம் எழுதிக்கொண்டோம்.

என் லைனில் எனக்கு ரொம்பவும் வேண்டியவள் ஒருத்தி உண்டு. நான் வயர் சொருகிய காலத்தில் பக்கத்துப் பலகைக்காரி. வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிவைப்பாள், நானும் அதை மனசில் முடிந்துவைத்துக்கொள்வேன். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த டேப்பைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"கோச்சா? எந்த ரயில்லடி? ஜன்னல் சீட்டா கேட்டு வாங்கிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

வந்தவரைப் பார்த்ததும் பயம் கொஞ்சம் குழம்பிப்போனது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இதே பெங்களூரில் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர், சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கன்னடமும் தமிழும் மாறி மாறி வரும். நான் 'சார்' என்றேன், அவர் 'மேடம்' என்றார். பாடம் நடத்துவார் என்று நினைத்துப் பேனாவோடு போனேன். அவர் எதையும் சொல்லித்தரவில்லை. "காலைல உங்க மீட்டிங்ல ஒரு ஓரமா நிக்கறேன், பரவால்லையா?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

எங்கள் காலை மீட்டிங் இப்படித்தான் நடக்கும். ஒரு வெள்ளைப் பலகை, அதைச் சுற்றி நின்றபடியே சூப்பர்வைசர்கள். பிளான்ட் மேனேஜர் ஒவ்வொரு லைனுக்கும் அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டுக் கன்னடத்தில் ஒரே கேள்வி கேட்பார்: "ஆகுத்தா?" முடியுமா என்று அர்த்தம். முடியும் என்றால் கன்னடத்தில் "ஆகுத்தே". முடியாது என்றால் "ஆகல்ல". இந்த இரண்டாவது வார்த்தையை அந்தப் பலகை முன்னால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் முறை வந்தது. "ஆகுது சார்" என்றேன். அவர் பச்சை மார்க்கரால் ஒரு டிக் போட்டார்.

மீட்டிங் முடிந்ததும் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அந்தக் கோச் பிள்ளை கேட்ட முதல் கேள்வியே என் உயிர்நிலையில் பட்டது.

"மேடம், காலைல நீங்க சொன்னது தமிழா, கன்னடமா?"

"ஏன் சார்?"

"கன்னடத்துல 'ஆகுத்தே'ன்னா முடிச்சுடுவோம். தமிழ்ல 'ஆகுது'ன்னா நடந்துட்டிருக்கு, அவ்ளோதான். நீங்க எதைச் சொன்னீங்க?"

 நான் தமிழில்தான் சொல்லியிருந்தேன். மேனேஜர் கன்னடத்தில் கேட்டுக்கொண்டார். ரெண்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னச் சந்துக்குள்தான் நான் இத்தனை காலையும் ஒளிந்திருந்தேன். பொய் சொன்ன மாதிரியும் இல்லை, வாக்குக் கொடுத்த மாதிரியும் இல்லை. சாயங்காலம்வரை பிழைத்துக்கிடப்பேன். கணக்கு வராவிட்டால் ஷிஃப்ட் முடிந்தும் பெண்களை நிறுத்திவைப்பேன். என் தோழி ஒருநாள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ அங்க ஆகுது ஆகுதுன்னுட்டு வந்துடற. இங்க எங்களுக்கில்லடி ஆகுது!"

இதையெல்லாம் கோச்சிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். நான் பேசியது யார் காதுக்குப் போகும்?

"இங்க பேசறது இங்கயே இருக்கும் மேடம்," என்றார்.

எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழகினோம். அவர் மேனேஜராக நடிப்பார். "ஆகுத்தா?" என்று குரலைத் தடிமனாக்கிக் கேட்பார்.  "ஆக... ஆகும்போல... பாக்கறேன் சார்" என்று வழுக்குவேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "மேடம், நீங்க என்கிட்டயே பயப்படறீங்க. என் பொண்டாட்டி கேட்டா நம்ப மாட்டா."

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இந்தப் பயம் எப்ப சார் போகும்?"

"தெரியல மேடம். அது இருக்கட்டும். நீங்க வாக்கியத்தை மட்டும் முடிச்சுடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆகல்லன்னு சொன்னா அடுத்து அவர் என்ன கேப்பாரு?" என்றார்.

"ஏன்னு கேப்பாரு."

"பதில் இருக்கா?"

இருந்தது. வயர் நுனியில் பித்தளை முனையை அழுத்திப் பிடிக்கவைக்கிற மிஷினில் டை என்கிற அச்சு தேய்ந்திருந்தது. பத்துக்கு ரெண்டு கழன்றுவரும், அதையெல்லாம் திரும்பச் செய்வதிலேயே பாதி நாள் போகும். லைனில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான்தான் அதை மேலே கொண்டுபோகவில்லை. "அப்ப அதுதான் உங்க ரெண்டாவது வாக்கியம்," என்றார். மூன்றாவது வாக்கியத்தை நானே கண்டுபிடித்தேன்: எவ்வளவு முடியும் என்பது.

கொஞ்சம் தைரியம் முளைத்த நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். கேன்டீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் மேனேஜரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்போது மேனேஜரின் கண் என் பக்கம் திரும்பியது.  முடிந்தது கதை, எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ரெண்டு பேரு டீ குடிச்சாக்கூட உன்னைப் பத்திதானா?" என்றார். சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை என் லைனுக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கணக்கைப் பலகையில் எழுதினார் மேனேஜர். வேண்டுமென்றே செய்கிறார் என்றே நினைத்தேன். மார்க்கரைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஆகுத்தா?"

"ஆகல்ல சார்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். மார்க்கர் நின்றது. பக்கத்தில் நின்றவர் ஓர் அடி நகர்ந்துகொண்டார், தீப்பிடித்த வீட்டிலிருந்து நகர்வதுபோல.

"ஏனம்மா ஹேளிதே?" என்ன சொன்னாய் என்று கேட்கிறார்.

 பைல் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். டை தேய்ந்ததைச் சொன்னேன். இன்றைக்கு எவ்வளவு வரும், டை மாற்றினால் எவ்வளவு வரும் என்பதையும் சொன்னேன். கன்னடம் பாதியில் தமிழாக மாறியது, திரும்பவும் கன்னடத்துக்கு இழுத்துவந்தேன். வாக்கியம் முடிந்தது. பயம் அங்கேயே, என் பக்கத்திலேயே நின்றது.

"மீட்டிங் ஆத மேலே நீனு இரு," என்றார். முடிந்ததும் நான் மட்டும் இருக்க வேண்டும்.

எல்லோரும் போனபின் பலகைக்கு முன்னால் நாங்கள் இரண்டே பேர். "இத்தனை நாள் தினமும் ஆகுத்தேன்னியே, அதெல்லாம் என்ன?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை எதையுமே சொல்லவில்லை என்று அந்தக் கேள்வியில்தான் புரிந்தது. சொல்லியிருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் நிம்மதிப்பட நேரமில்லை. உண்மையை இப்போது நான்தான் சொல்லியாக வேண்டும்.

"சார், நான் ஆகுத்தேன்னு சொல்லல. ஆகுதுன்னு சொன்னேன். தமிழ்ல அதுக்கு நடந்துகிட்டிருக்குன்னுதான் அர்த்தம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, மேலிருந்து கீழ்வரை பச்சை டிக்குகளாக நிறைந்திருந்த பலகையைப் பார்த்தார்.

"இதுல யாரெல்லாம் தமிழு?" என்றார்.

 என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனை எடுத்து மெயின்டெனன்ஸ்காரரைக் கூப்பிட்டு டையைப் பற்றிக் கத்த ஆரம்பித்தார். கையசைத்து என்னைப் போகச்சொன்னார். நல்லதாக ஒரு வார்த்தை இல்லை.

டை மாறியது. மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். டிக் போடுமுன் மேனேஜர் அவர்களையும் குடைய ஆரம்பித்ததால், மற்ற சூப்பர்வைசர்கள் சில நாள் என்னோடு பேசவில்லை. "உனக்கு கோச்சு வெச்சாங்க, எங்களுக்கு ஆப்பு வெச்சுட்ட" என்றார் ஒருத்தர், பாதி சிரிப்பாக.

இப்போது மேனேஜர் காலையில் என் லைனிலிருந்துதான் தொடங்குகிறார். மற்றவர்கள் கணக்கைக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்று சொல்கிறார்கள். "கன்னடதல்லே ஹேளம்மா" என்பார், கன்னடத்திலேயே சொல் என்று. எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் சொல்வதை அவர் நம்புகிறார். முன்பு முகத்தைக்கூடப் பார்க்காமல் டிக் போடுகிற ஆளிடம் நிற்கத்தான் பயமாக இருந்தது. நம்புகிற ஆளிடம் நிற்பது அதைவிடப் பயம். ஒவ்வொரு நாளும் மீட்டிங்குக்கு முன்னால் லைனை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மிஷினாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பலகைப் பக்கம் போகிறேன்.