திரும்பி வரும் உயரம்

சிறுசேரி அலுவலகத்தில் பெனிட்டாவுக்கு அஞ்சலி செலுத்த நாங்கள் கூடி நின்ற அன்று எங்கள் மேலாளர், "அவங்க ஒரு தப்பு பண்ணி நான் பாத்ததே இல்ல" என்றார். பலர் தலையசைத்தார்கள். நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. கூட்டத்தில் பேச எனக்கு எப்போதும் வராது. தவிர, அந்த இடத்தில் அது குறை சொல்வதுபோலக் கேட்டிருக்கும். அவளை அறிந்த உங்களுக்கு இப்போது எழுதுகிறேன். அவளிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அவள் அந்தத் தவறைச் செய்த நாளும் அதற்கு அடுத்த நாளும்தான்.

இறந்த செய்தியை அவள் தங்கைதான் சொன்னாள். காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வாரக் கடைசிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். தாம்பரத்தில் அலுவலகப் பேருந்துக்காக நின்றபோது கைபேசி அடித்தது. "அக்கா... எங்க அக்கா போயிட்டா" என்றாள். பேருந்து வந்தது, நான் ஏறவில்லை. ஆட்டோ பிடித்து அஸ்தினாபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பெனிட்டாவும் நானும் ஒரே வயது, ஒரே குழு. நான் மென்பொருள் எழுதுபவள். அவள் அதைச் சோதிப்பவள். நாங்கள் எழுதியதில் அவள் கண்டெடுக்காத பிழை கிடையாது. "போன மாசம் ஓடுச்சே" என்று யாராவது வாதாடினால் ஒரே பதில்தான்: "போன மாசம் ஓடுனது இன்னிக்கு ஓடும்னு யார் சொன்னா?" அந்த வாக்கியத்துக்குப் பயந்தே நாங்கள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்ப்போம்.

அவள் ட்ரோன் வாங்கியபோது எல்லோரும் வியந்தோம். "வாரம் முழுக்கக் குனிஞ்சு திரையப் பாக்கறோம்டி. ஞாயித்துக்கிழமையாவது நிமிந்து பாக்கலாம்" என்றாள். விமானப்படைத் தளம் இருப்பதால் தாம்பரத்தில் பறக்கவிட முடியாது. அனுமதி வரைபடத்தில் பச்சை காட்டும் இடம் தேடி, ஊரப்பாக்கத்தையும் தாண்டி உள்ளே போவோம். அங்கே ஒரு காலி மனைப்பிரிவு; அதன் ஓரத்தில் பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடம்; அதற்குப் பின்னால் ஏரி. எங்களோடு கல்யாண வீடியோ எடுக்கும் முரளி அண்ணாவும் வருவார்.

பறக்கும்போது சிக்னல் அறுந்தால், ட்ரோன் தானாக ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பி வரும். அந்த உயரத்தை முன்பே நாம் கொடுத்திருக்க வேண்டும். முதல் நாளே பெனிட்டா ட்ரோனை அந்தக் கட்டடத்தின் உச்சி வரை ஏற்றி அளந்தாள். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி எண்ணைப் பதித்தாள். அன்று அது மிகச் சரியான எண்.

பிறகு மழைக்காலம். மண் காய்ந்து நாங்கள் திரும்பப் போனபோது கட்டடத்தில் இரண்டு தளங்கள் கூடியிருந்தன. அது எங்கள் கண்ணில் படாமல் இல்லை. "ஃபிளாட்டு ஏறுற வேகத்துக்கு நம்ம ட்ரோனே ஏறாது" என்று முரளி அண்ணா சொல்ல, பெனிட்டாவும் சிரித்தாள். ஏரியைப் படமெடுக்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஓட்டினாள். சிக்னல் அறுந்தது. "பரவால்ல, தானா வந்துடும்" என்றாள். ட்ரோன் பழைய உயரத்துக்கு ஏறி, புதிய தளத்தின் கம்பிகளில் நேராக மோதியது.

மேலே ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. பெனிட்டா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள், பின்னாலேயே நாங்கள். அங்கேயே தங்கி வேலை செய்யும் ஒரு பெண், விடுமுறை நாளென்று துவைத்த துணிகளை உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். ட்ரோன் அவர் காலடியில் விழுந்திருந்தது. அவர் மேல் ஒரு கீறலும் இல்லை.

படியேறும்போதே முரளி அண்ணா அவளிடம் மெல்லச் சொல்லியிருந்தார். "சிக்னல் கட் ஆயிடுச்சுன்னு சொல்லிடும்மா. பொய்யும் இல்ல."

"கட் ஆனா எவ்ளோ உசரத்துல வரணும்னு போட்டது நான்தானே அண்ணா?"

அந்தப் பெண் கோபமாக இருந்தார். "தலையில வுழுந்திருந்தா இன்னாம்மா ஆவறது?"

"கிழிச்சிருக்கும்க்கா. என் தப்புதான். கட்டடம் ஏறினதப் பாத்தும் நான் உயரத்த மாத்தல."

அந்தப் பெண் ஈரத்துணியை உதறிக்கொண்டே, "நான் காக்கா மோதிக்கினுச்சின்னு நெனச்சேன்" என்றார். கட்டட மேற்பார்வையாளர் அவ்வளவு இளகவில்லை. சிக்னல் மேல் பழி போட்டிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார். பெனிட்டா வாதாடவில்லை. எங்களுக்கு அந்த இடம் போயிற்று. திரும்பும் வழியில் ரயிலில் அவள் உடைந்த இறக்கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அலுவலகக் காலைக் கூட்டத்தில் அவள் பேசும் முறை வந்தது. எங்கள் பிழைகளை விவரிக்கும் அதே குரலில் சொன்னாள்: என்ன எதிர்பார்த்தாள், என்ன நடந்தது, யாருக்கு அடிபட்டிருக்கும், ஏன். யாரும் கேட்காமல் சொன்னாள். அன்று விடுப்பிலிருந்த மேலாளர் மட்டும் அதைக் கேட்கவில்லை. அவள் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "போன மாசம் ஓடுனது இன்னிக்கு ஓடும்னு யார் சொன்னா பெனிட்டா?" என்றது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். "அதேதான். உங்க எல்லார்கிட்டயும் கேட்டேன், என்கிட்ட கேக்கல."

அதன்பின் குழுவில் ஒன்று மாறியது. அவள் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், தங்கள் பிழையைத் தாங்களே அவள் மேசைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். நானும் போனேன். அவள் யாரையும் தேற்றியதில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் விடுவாள், அவ்வளவுதான். ட்ரோன் பறக்கவிட வெளியூரில் புதிய இடம் கிடைத்ததும் அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள்: திரும்பும் உயரத்தை ஓட்டுபவர் தீர்மானிக்கக்கூடாது. இன்னொருவர் இடத்தைச் சுற்றி வந்து, நிமிர்ந்து பார்த்து, எண்ணைச் சொல்ல வேண்டும். "என் கண்ணுக்குப் பழகிடுச்சு. உன் கண்ணு குடு" என்பாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பழகிய கண்ணை நம்பாமல் இருப்பதும், தவறினால் "நான்தான்" என்பதைக் குரல் தாழாமல் சொல்வதும். இரண்டாவது இன்னும் எனக்கு முழுதாகக் கைவரவில்லை. வரும்.

அவளுடைய ட்ரோனைத் தங்கை என்னிடம் கொடுத்தாள். சென்ற ஞாயிறு அதைப் பறக்கவிட்டேன். அதற்கு முன் முரளி அண்ணா இடத்தைச் சுற்றி வந்து, அந்தப் பக்கம் செல்போன் டவர் எழுப்புகிறார்கள், உயரத்தைக் கூட்டு என்றார். கூட்டினேன்.