ஆட்டம்தோறும் செத்த பாண்டி அண்ணன்

எண்பதுகளின் கடைசியில் மதுரை தல்லாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கும் ரேண்டம் எண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதி வகுப்பு தூங்கும். அதனால் ஒரு கொலை விளையாட்டு எழுதினேன். ஆரப்பாளையம் லாட்ஜ் ஒன்றில் ஒருவர் செத்துக் கிடப்பார். மேனேஜர், சமையல்காரர், ரூம்பாய், பக்கத்து அறைக்காரர் என்று நாலு பேர் மேல் சந்தேகம். கொன்றவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்ப்யூட்டரே மாற்றிவிடும். தடயங்களும் கூடவே மாறும். நேற்றைய விடை இன்றைக்கு உதவாது.

செத்தவருக்கு வைக்கத்தான் பெயர் கிடைக்கவில்லை. சென்டரில் யார் பெயரைக் கேட்டாலும் அபசகுனம் என்று ஒதுங்கினார்கள். அட்டெண்டர் பாண்டி அண்ணன் மட்டும், "எம் பேரப் போடுங்க டீச்சர். நான் சாகுறத நானே பாத்துக்கிறேன்" என்றார்.

தினமும் லேபுக்குள் எட்டிப் பார்ப்பார். "இன்னைக்கு என்னைய யாரு கொன்னா?"

"சமையல்காரருண்ணே."

"எனக்கு அவன் மேல அப்பவே சந்தேகந்தான்."

ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போக அவர் மனைவி முத்துலட்சுமி வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் புது பேட்ச் மாணவன் ஒருவன் அந்த விளையாட்டு ஃப்ளாப்பியைப் போட்டு, திரையில் வந்ததைச் சத்தமாக வாசித்தான். "பாண்டி இறந்து கிடக்கிறார்."

முத்துலட்சுமி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சா தாயி?"

ஓடிப்போய் அவரை உட்காரவைத்து, அது விளையாட்டு என்று விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிச்சா எந்திரிச்சிருவாரா?"

"இல்லக்கா. ஆட்டம் முடிஞ்சிரும்."

"பெறகு எதுக்குக் கண்டுபிடிக்கணும்?"

அவர் கண்ணாடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மதியம் சாப்பிடப் போகாமல் ப்ரோக்ராமைத் திருத்தினேன். இப்போது பாண்டி அண்ணன் சாகவில்லை. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள், மூச்சு இருக்கிறது. விஷம் வைத்தவரைச் சரியாகச் சொன்னால் கண் திறப்பார்.

எங்கள் முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கொலைக் கேஸ ஆஸ்பத்திரிக் கேஸா மாத்திட்டீங்க?" என்றவர், ஒரு ஆட்டம் ஆடித் தோற்றார். உடனே மறுபடி ஆரம்பித்தார். மாணவர்களும் அப்படித்தான். முன்பெல்லாம் தோற்றால் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். இப்போது பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்தார்கள்.

பாண்டி அண்ணன் இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். கூடவே முத்துலட்சுமி அக்காவும் வந்தார். நான் தடயங்களை வாசிக்க, அக்கா யோசித்து, "மேனேஜர்தான்" என்றார். தப்பு.

"திரும்பப் போடு தாயி."

அடுத்த ஆட்டத்தில் பக்கத்து அறைக்காரரைப் பிடித்துவிட்டார். "கண்ணத் தொறந்துட்டாருக்கா" என்றேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணனின் கையைப் பிடித்திருந்தார்.

"கொலை இல்லாம இது என்னடி வெளாட்டு?" என்று பாண்டி அண்ணன் சலித்துக்கொண்டார்.

"இம்புட்டு நாள் செத்தது போதும். பேசாம நில்லுங்க."

விடை மாறிக்கொண்டே இருந்தால் ஆட்டம் அலுக்காது என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. உள்ளே ஒருவர் பிழைக்க வேண்டும் என்றிருந்தால், யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள் என்பதை அந்த மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன்.