விட்டாலும் ஓடிய ரம்பம்

மரம் வெட்டும் அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டைக்கு வெளியே அதை யாரும் கண்டதில்லை. எல்லாருக்கும் அவன் ‘அவசரம்’தான். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவான். டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு, நாக்கு வெந்துபோச்சு என்று கடைக்காரரைத் திட்டுவான். கல்யாணமாகி இருபது வருஷத்தில், நாற்காலியில் முதுகு சாய்த்து அவன் உட்கார்ந்ததை மனைவி பார்த்ததில்லை.

அரிவாளும் கைரம்பமுமாகவே இருபத்தேழு வருஷம் மரமேறிப் பிழைத்துவிட்டான். மனைவியின் தம்பிதான் கீழே நின்று கயிறு பிடிப்பவன். மின்கம்பிகளில் உரசும் கிளைகளைக் கழிக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்று இருவருக்கும் வேலை கொடுத்துவந்தது. ஒரு புதன்கிழமை அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்: “திங்கட்கிழமையிலிருந்து மிஷின் வச்சிருக்கறவங்களுக்குத்தான் வேலை. கைரம்பம் எல்லாம் இனிமே கட்டுப்படியாகாது.”

புது செயின் ரம்பத்தின் விலையைக் கேட்டுவிட்டு, கடை வாசலிலிருந்து அப்படியே திரும்பி நடந்தான். மறுநாள் காலை பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. முன்னால் இருக்கவேண்டிய பிரேக் கைப்பிடியைக் காணோம்.

“ஓடுமா?”

“ஓடும்னும் சொல்ல மாட்டேன், ஓடாதுன்னும் சொல்ல மாட்டேன்” என்றார் கடைக்காரர். “அதனாலதான் இந்த விலை.”

மூன்றாவது மாடியில் ஒரு அறையும் சமையலறையும்தான் அவர்கள் வீடு. தரையில் பழைய பேப்பரை விரித்து ரம்பத்தைக் கழற்றிப் போட்டான். பெட்ரோல் வாடை சோற்றுப் பானை வரைக்கும் போனது. ஏர் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். அது யாருடைய பிரஷ் என்று சாயங்காலம்தான் மனைவிக்குத் தெரிந்தது. விறைத்து வெடித்திருந்த பெட்ரோல் டியூபுக்குப் பதிலாகத் தெருமுனை பைக் மெக்கானிக் ஒரு துண்டு கொடுத்தார். அவரே ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்து, “கம்ப்ரஷன் இருக்கு. பிஸ்டன் போகல. பொழச்சுக்கும்” என்றார். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு மட்டும்தான் புதிதாக வாங்கியது. மச்சான் பொறுமையாக உட்கார்ந்து சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் அரத்தால் தீட்டினான்.

சனிக்கிழமை மொட்டைமாடியில் ரம்பம் உறுமிக்கொண்டு கிளம்பியது. கொடியில் காய்ந்த துணியை எல்லாம் புகையிலிருந்து காப்பாற்ற பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். அவனுக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டால் நிற்கவேண்டிய சங்கிலி நிற்கவில்லை. தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் வேகத்துக்கான ஸ்க்ரூவைக் குறைத்தால் இன்ஜினே அணைந்தது. கூட்டினால் சீறியது. குறைத்தான், கூட்டினான், மறுபடி குறைத்தான். ஞாயிறு பூராவும் அதே கதை. மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. நாலு தடவை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி ரம்பத்தையே சுற்றிச் சுற்றி நடந்தான்.

“விட்டாலும் ஓடுது. அத எடுத்துக்கிட்டா மரத்து மேல போறீங்க?” என்றாள் மனைவி.

“மெதுவாத்தானே சுத்துது? நான் பாத்துக்கறேன்.”

“நீங்க என்னைக்கு எதப் பாத்தீங்க?”

திங்கட்கிழமை பாதி மரம் ஏறியதும் ரம்பத்தைக் கிளப்பி இரண்டு கிளைகளை அறுத்தான். வெண்ணெய் மாதிரி இறங்கியது. அடுத்த கிளைக்கு மாற, ரம்பத்தை அணைக்காமலே இடுப்புக் கயிற்றில் தொங்கவிட்டான். காலை எட்டி வைத்தபோது ஏதோ வெடுக்கென்று இழுத்தது. குனிந்து பார்த்தால், தொடைப் பக்கம் பேண்ட் ஒரு ஜாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே தோலில் கீறல்கூட இல்லை. சுவிட்சை அணைத்தான். கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

“மாமா, என்னாச்சு?” என்று கீழேயிருந்து மச்சான் மூன்று தடவை கூப்பிட்டான். அப்புறம், “கயித்தப் பிடி, இறங்கறேன்” என்று குரல் வந்தது. ஏறிய மரத்திலிருந்து வேலை முடியாமல் அவன் இறங்கியது அதுதான் முதல் தடவை.

“மிஷின் சரியில்ல சார். இத வச்சு மேல போக மாட்டேன்.”

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். “உனக்காக கரண்ட் லைனை ஆஃப் பண்ணிக் காத்திருக்க முடியுமா? வேற ஆளப் பாத்துக்கறேன், போ.”

செவ்வாய்க்கிழமை வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தான். கழற்றினான், மாட்டினான், கழற்றினான். மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கர். நாள் பூராவும் சட்டைக் காலரில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பவள். சாயங்காலம் வந்தவள், காலால் பேப்பரை ஒதுக்கி வழி பண்ணும்போது ஒரு ரப்பர் துண்டைக் கையில் எடுத்தாள். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும், கட்டைவிரல் நீளமுள்ள குழாய். பழக்கதோஷத்தில் இரு விரலால் பிடித்து இழுத்தாள்.

“இது இங்க பிரிஞ்சிருக்கே.”

“அத நூறு தடவை பாத்துட்டேன்.”

“பாத்தீங்க. இழுத்துப் பாத்தீங்களா?”

மடிப்புக்குள் மயிரிழை போல ஒரு வெடிப்பு. விட்டால் மூடிக்கொண்டது, இழுத்தால் வாய் திறந்தது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் மெக்கானிக்கிடம் ஓடினான். “இதுவழியாத்தான் காத்த இழுக்குது, அதான் அடங்க மாட்டேங்குது” என்றார் அவர். டியூப் பஞ்சர் போல ஒட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, கூடாது என்று தலையாட்டினார்: “பெட்ரோல்ல ரெண்டே நாள்ல கரைஞ்சு வந்துரும்.”

புதன் காலை இரும்புக் கடை திறக்கும்முன்பே போய் நின்றான். பிஸ்டன் இறுகிச் செத்துப்போன, அதே மாதிரி ரம்பம் ஒன்று குவியலுக்கு அடியில் கிடந்தது. அதைத் தோண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம். ரப்பர் குழாயையும் பிரேக் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டான். கடைக்காரர் மூன்று டீக்கான காசு வாங்கிக்கொண்டார்.

மொட்டைமாடியில் கிளப்பி, உறுமவிட்டு, விரலை எடுத்தான். சங்கிலி நின்றது. அணைந்துவிட்டதோ என்று குனிந்து காது கொடுத்தான். இல்லை, இன்ஜின் தடதடவென்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே சூப்பர்வைசர் முன்னால் போய், கேட்காமலேயே ஓட்டிக் காட்டினான். திங்கட்கிழமை விட்டுவந்த பெரிய ரோட்டு வேலை கைமாறிவிட்டிருந்தது; அதில் வந்திருக்கவேண்டிய மூன்று வாரக் கூலி போனது போனதுதான். பள்ளிக்கூடச் சுவரோரம் எட்டு மரம் மட்டும் மிச்சம். கம்பிகள் பின்னிக் கிடந்ததால் மற்றவர்கள் தொடவில்லை.

“செய்வியா?”

“எப்ப ஆரம்பிக்கலாம் சார்?”

“நாளைக்கு லைனை ஆஃப் பண்ணச் சொல்றேன். அது வரைக்கும் பொறு.”

வெளியே வந்ததும் மச்சானிடம் சொன்னான்: “நாளைக்காம். இன்னிக்கே போய் மரத்த ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம், வா.”