ஒளி விழாவில் நான் வாசித்த வாசகம்

அந்த வருடம் மார்கழி அடைமழையும், நபியின் பிறப்பைக் கொண்டாடும் எங்கள் மௌலூது மாதமும், பள்ளிக்கூடத்தில் இயேசு பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலமும் ஒன்றாக வந்தன. கல்முனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் அது. வகுப்பில் கத்தோலிக்க, சைவப் பிள்ளைகளோடு நாங்கள் ஏழெட்டு முஸ்லிம் பிள்ளைகள். சமயப் பாடத்துக்கு மணியடித்தால் நாங்கள் நூலகத்துக்குப் போகலாம். நான் போவதில்லை. அங்கிருந்த இரண்டு அலுமாரியையும் ஒன்பதாம் வகுப்புக்குள் வாசித்து முடித்திருந்தேன். அதோடு, நாங்கள் ஈஸா நபி என்னும் இயேசுவின் கதையை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஒளி விழாவில், இயேசுவின் பிறப்பைச் சொல்லும் வேதாகம வாசகத்தை வாசிக்கத் தரும்படி பள்ளிக்கூட அதிபர் சிஸ்டரிடம் நானே போய்க் கேட்டேன். அதுவரை முஸ்லிம் பிள்ளை யாரும் வாசித்ததில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னார். மர்யம் பிள்ளை பெற்றதை வாசிப்பதில் என்ன பிழை என்றார் வாப்பா. உம்மாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நபிமாரின் பெயரை எங்கள் வீட்டில் வெறுமனே சொல்வதில்லை. பின்னால் 'அலைஹிஸ்ஸலாம்', அவர்மீது சாந்தி உண்டாகட்டும், என்று சேர்ப்போம்.

"அங்க எப்பிடி வேணுமெண்டாலும் வாசி. இந்த வீட்டுக்க மொட்டையாச் சொல்லப்படா."

ஆகவே இரண்டு விதமாகப் பயின்றேன். பள்ளிக்கூடத்தில் அச்சில் உள்ளபடி; வீட்டில், உம்மா மௌலூது விருந்துக்குச் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்க, அலைஹிஸ்ஸலாம் சேர்த்து. இரண்டையும் கலக்காத அளவுக்குப் புத்தி இருக்கிறது என்பது என் எண்ணம். வழக்கமாக வாசிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைக்கு என்மீது கோபம். "பிழை விட்டியெண்டா அடுத்த வருஷம் தருவாங்களெண்டு நினைக்காத" என்றாள்.

விழாவன்று மண்டபத்துக் கூரையில் மழை கொட்டியது. மேடையில் திருவருகைக் காலத்து நான்கு மெழுகுதிரிகளும் எரிந்தன. வாசகத்தின் முதல் பந்தி நன்றாகப் போயிற்று. இயேசு என்ற பெயர் வந்ததும் வாய் தானாக அலைஹிஸ்ஸலாம் என்றது. பின்வரிசையில் எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். தேவாலயத்துப் பங்குச் சுவாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பெயர் இன்னொரு தடவை வந்தது. அங்கேயும் சொன்னேன்.

அடுத்த நாள் சிஸ்டர் கூப்பிட்டார்.

"வேணுமெண்டுதானா சொன்ன நீ?"

"முதலாவது தானா வந்திட்டு சிஸ்டர்."

"ரெண்டாவது?"

"ஒருக்காச் சொல்லிப்போட்டு மத்த இடத்துல விட்டா, அது மரியாதயில்ல எண்டு…"

வகுப்புக்குப் போகச் சொன்னார்.

அடுத்த வருடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் சிஸ்டரே ஒரு தாளைத் தந்தார். பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசகம். மக்கள் காத்திருப்பதைப் பற்றியது. வீட்டில் வாசித்துக் காட்டினேன். உம்மா சுளகைக் கீழே வைத்து, கடைசி வரி வரை காத்திருந்தார்.

"இதுல நபிமார் ஒருத்தர்ர பேரும் இல்லியா மகள்?"

இல்லை என்றேன். நானும் இரண்டு தரம் தேடிப் பார்த்திருந்தேன்.