மூன்று நாள் என்னிடம் இருந்த கடிதம்

அக்கா ஆண்டவரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார்கள். நல்லதுக்கு அக்காவிடம் குறைவில்லை. ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்காவைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். அதை மறைத்து எழுதினால் உறவினர்கள் நீங்களே சிரிப்பீர்கள்.

அக்கா பூம்பாறையில் பிறந்தார்கள். அம்மாவுக்கு அங்கே பூண்டுக் காட்டில் கூலி வேலை. கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையற்கட்டில் அப்பாவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்ததும் அட்டுவம்பட்டிக்கு வந்தோம். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் விட்டுப்போன புத்தகங்களை அப்பா கொண்டுவருவார்கள். எல்லாம் அக்காவுக்கு. எப்போதாவது ஒரு துண்டு கேக் வரும். "படிக்கிற பிள்ளைக்கு" என்பார்கள். நானும் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிளஸ் டூ முடிவு வந்ததும், ஞாயிறு பூசையின் முடிவில் பங்குப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பங்குத்தந்தை வாசிப்பது எங்கள் கோவில் வழக்கம். அந்த வருடம் அக்கா பெயர்தான் முதலில் வந்தது. கணக்கில் முழு மதிப்பெண். கோவிலே கைதட்டியது. வெளியே வந்ததும் ஒரு அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "ஏண்டி, நீயும் அக்கா மாதிரி வாங்குவீல்ல?" என்றார்கள். நான் பத்தாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள்.

சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் கணிதம் படிக்க அக்காவுக்கு ஆசை. கிறிஸ்தவச் சிறுபான்மையினருக்கு அங்கே தனி இடம் உண்டு. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு விடுதியும் இலவசம். விண்ணப்பத்தோடு பங்குத்தந்தையின் கடிதம் வைக்க வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கையில் அதை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். வாங்கினேன். இனி அம்மா ஊரெல்லாம் சென்னை, சென்னை என்று சொல்லித் திரிவார்கள் என்று நினைத்தபடியே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை என் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு, "ஃபாதர் மதுரைக்குப் போயிருக்காராம்" என்றேன். மூன்று நாளும் அதையே சொன்னேன். தேதி முடிந்தது. அக்கா திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார்கள்.

அங்கேயும் முதல் மாணவி. பிறகு தாண்டிக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. காப்பித் தோட்டத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, இருப்பதிலேயே பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பம் எழுதவைப்பார்கள். தயங்குகிற பிள்ளையின் வீட்டுக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ப் பேசுவார்கள். அந்தப் பிள்ளைகள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

மதுரை மருத்துவமனையில் அக்கா கிடந்த கடைசி மாதம், பகலில் நான்தான் துணைக்கு இருந்தேன். ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஃபாதர் ஊர்ல இல்லன்னு சொன்னேன்ல, அது பொய். லெட்டர் எங்கிட்டதான் கெடந்துச்சு."

"தெரியும்டி. மறுநாளே ஃபாதரச் சந்தையில பாத்தேன். லெட்டர் வந்துச்சான்னு கேட்டாரு. வந்துருச்சுன்னேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "பெறகு ஏன் என்னையக் கேக்கல?"

"கேட்டா குடுத்துருவ. குடுத்தா நான் போகணும்ல. அங்க வர்றவளுக எல்லாருமே மொத மார்க்கு வாங்குனவளுக. அதுலயும் இங்கிலீசுல பேசுறவளுக. நான் ஆளே தெரியாமப் போயிருவேன்னு பயமாக் கெடந்துச்சு. நீ ஒளிச்சு வச்சது எனக்கு வசதியாப் போச்சு. அந்தப் பயம் எம்புள்ளைகளுக்கு வரக்கூடாதுன்னுதான் இம்புட்டுப் பாடும்."

இருபது வருடம் தூக்கித் திரிந்த குற்றம் அது. அக்காவின் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அதையும் அக்காவே எடுத்துக்கொண்டார்கள். அழுதேன். ஆறுதலில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், மழையில் மலையேறிச் சவப்பெட்டியைக் கொண்டுவந்த ஓட்டுநருக்கும், துக்க வீட்டில் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அடக்கத்துக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த அக்காவின் மாணவிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். வரிசையாக வந்து என் கையைப் பிடித்து, "எங்க டீச்சரப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார்கள், ஏதோ அவர்கள் வீட்டு ஆளை நான் பார்த்துக்கொண்டது போல. நன்றி, பிள்ளைகளே. ஆனால் உங்கள் டீச்சர் முதலில் என் அக்கா.