பனிக்குள் கிடந்த வயர்

டீசல் எஞ்சின் குளிரில் முதல் தடவை இருமும்போது வருகிற வெள்ளைப் புகைக்கு ஒரு மணம் உண்டு. மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்ததும் எழுமே, கிட்டத்தட்ட அந்த மணம். மொன்றியலில் என் இளமைக்காலப் பனிமாரிகள் அந்த மணத்தோடுதான் விடிந்தன.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அஹுன்ட்சிக்கில் சிவம் அண்ணை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் எனக்கும் ஓர் அறை இருந்தது. அண்ணைக்கு சென்ட் லோரன்டில் தொழிற்சாலை வேலை. மாரியில் அயலவர்களின் வாசல்களில் பனி தள்ளுவதற்கென்று, முன்னால் தகடு பூட்டிய பழைய டிராக்டர் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். ஒரு நாளும் உழாத அதற்கு எங்கள் வீட்டில் "உழவு மெசின்" என்றுதான் பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று ஊர் வயலில் டிராக்டர் ஓட்டியவன் என்பதால் அதை ஓட்டும் வேலை எனக்கு வந்தது. ஆட்களோடு பேசக் கூச்சப்படுகிற எனக்கு அந்த இரைச்சலுக்குள் ஒளிந்திருப்பது வசதியாகவும் இருந்தது.

அதன் எஞ்சினுக்குள் ஒரு சிறிய மின்சூடாக்கி இருந்தது. படுக்கப் போகுமுன் முற்றத்துப் பனிமேல் நீண்ட செம்மஞ்சள் வயரை இழுத்துச் சுவர் பிளக்கில் "கொழுவி" விட்டால், விடியும்போது எஞ்சின் இளஞ்சூட்டோடு இருக்கும். கொழுவாவிட்டால் அது வெறும் இரும்பு.

தைப்பொங்கல் கழிந்த ஒரு விடியலில், இரவெல்லாம் பனி கொட்டி ஓய்ந்திருக்க, சாவியைத் திருப்பினேன். ஒரு முனகலோடு நின்றுவிட்டது. எதிர்வீட்டுக் கிழவருக்கு அன்று இரத்தம் சுத்திகரிக்கும் நாள், ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வான் வந்துவிடும், அவர் வாசலிலோ நகரசபை வண்டி ஒதுக்கிய பனி இடுப்பளவுக்கு இறுகிக் கிடந்தது. அவர் மனைவி சன்னல் திரையைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரவு கொழுவினனீயோ?" என்றார் அண்ணை.

"கொழுவினனான் அண்ணை."

"அப்ப வயர் தானா எழும்பிப்போய் ஆணியிலை தொங்குதோ? கனவிலை கொழுவியிருப்பாய்."

ஆணியில் வயர் அழகாகச் சுற்றித் தொங்கியது. உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, நுனியால் ஒரு முடிச்சு. துணி காயப்போடும் கயிற்றை அண்ணையின் மனைவி மைதிலி அக்கா அப்படித்தான் சுற்றுவார். அந்த இலையுதிர் காலத்தில்தான் ஊரிலிருந்து வந்திருந்தார்; எதைத் தொட்டாலும் "இது ஊர் இல்லையப்பா" என்று அண்ணையிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் பனி அள்ளும் சவளை எடுத்து எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அண்ணையின் கோட்டைப் போர்த்தபடி அக்கா வந்தார்.

"அந்தப் பிள்ளையை ஏன் ஏசுறியள்? நான்தான் கழட்டினனான்."

"ஏன்?"

"ஸ்னோவும் தண்ணிதானே. தண்ணிக்குள்ளை கரண்ட் வயர் கிடக்குது. காலமை பள்ளிக்கூடம் போற பிள்ளையள் மிதிச்சால்?"

வருடக்கணக்காக மின்சாரமே இல்லாதிருந்த ஊரில் வளர்ந்தவர் அக்கா. அது திரும்பி வந்தபோது, ஈர வயரைத் தொடாதே என்பதுதான் வீட்டுக்கு வீடு பெரியவர்கள் சொன்ன முதல் புத்தி. இந்த வயர் பனியில் கிடப்பதற்கென்றே செய்யப்பட்டது என்று எங்கள் இருவரில் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அண்ணை வயரின் தடித்த உறையைக் காட்டி இப்போதுதான் அதைச் சொன்னார்; எஞ்சினைச் சூடாக்காமல் கிளப்ப முடியாது என்றும் சொன்னார்.

அக்கா உள்ளே ஓடித் தன் கட்டில் போர்வையையும் தலைமயிர் உலர்த்துகிற மெசினையும் கொண்டுவந்தார். எஞ்சினைப் போர்வையால் மூடி, குசினிச் சன்னல் வழியாக இன்னொரு வயர் இழுத்து, காற்றுக் குழாய்க்குள் சூட்டை ஊதினோம்.

"பிள்ளை பெத்தவளுக்கும் இவ்வளவு பணிவிடை நடக்காது" என்றார் அண்ணை.

"கதையை விட்டிட்டு ஒழுங்காப் பிடியுங்கோ."

செம்மஞ்சள் வயரை நான் எடுத்தேன். அக்கா கையை நீட்டினார். "தா தம்பி, நானே கொழுவுறன்." கணுக்காலுக்கு மேல் பனியில் நின்று, இரண்டு கண்ணையும் இறுக மூடி, பிளக்கை அழுத்தினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.

அண்ணை ஊதிக்கொண்டிருக்க, நானும் அக்காவும் எதிர்வீட்டு வாசலைச் சவளால் கொத்தினோம். வான் வந்து விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றபோது, எஞ்சின் இருமி, நடுங்கி, போர்வையெல்லாம் வெள்ளைப் புகையாக்கிக்கொண்டு பிடித்தது. நான் ஏறி அந்தப் பனிச்சுவரைத் தள்ளினேன். சக்கர நாற்காலியில் போன கிழவர், புகை படிந்த போர்வையைச் சுமந்து நின்ற அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்தி, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னார். அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கம் சொல்கிற "பொன்ஜூர்" ஒன்றுதான், அதைச் சொன்னார்.

கிழவர் இப்போது இல்லை. டிராக்டர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நான் இன்று ஓட்டும் புது வண்டி சூடான கராஜில் உறங்கி, பொத்தானை அழுத்தியதும் எழும்புகிறது. அதற்குப் புகையும் இல்லை, மணமும் இல்லை.

போன மாரியில் அண்ணையின் புது வீட்டில் தங்கினேன். படுக்கப் போகுமுன் அக்கா வழக்கம்போல அறை அறையாகப் போய் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், அண்ணையின் வான் எஞ்சினிலிருந்து பனிமேல் ஓடிய வயரின் பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.